கேடயத்தில் வாழும் கேப்டன் – டேவ் கேலஹர்

ஆண்டு மலரில் விளையாட்டுக் கட்டுரை என்றால் கிரிக்கெட், கபடி, வாலிபால் என்றுதான் நாம் எழுதிப் பழக்கம். இந்த முறை ஒரு மாறுதலுக்கு ரக்பி பக்கம் போய் வரலாம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ளூர்க் கிளப்புகள் ஒவ்வொரு ஆண்டும் மோதிக்கொள்ளும் ஒரு போட்டி உண்டு. அதில் ஜெயிக்கும் கிளப்புக்குக் கிடைப்பது கேலஹர் கேடயம். வார நாட்களில் வேலைக்கும் படிப்புக்கும் போய்விட்டு, சனிக்கிழமை மைதானத்துக்கு வருகிற இளைஞர்கள் ஆடும் ஆட்டம் அது. அந்தக் கேடயத்தில் பெயராக நிற்கும் டேவ் கேலஹரின் வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ரக்பி தெரியாத நண்பர்களுக்கு இரண்டே வரி. அணிக்கு 15 பேர், முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் எறிந்தால் பின்பக்கம்தான் எறிய வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிட்டால் அதற்குப் பெயர் 'ட்ரை'. நம்ம ஊர் கபடிக்கும் ரக்பிக்கும் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம்!

பிழைக்க வந்த குடும்பம்

கேலஹர் பிறந்தது 1873 அக்டோபர் 30-ல், அயர்லாந்தின் டோனிகால் பகுதியிலுள்ள ரமெல்ட்டன் என்னும் சிற்றூரில். 1878-ல் குடும்பம் கப்பலேறி நியூசிலாந்தின் கட்டிகட்டி என்ற புதுக் குடியேற்றத்துக்கு வந்து சேர்ந்தது. நல்ல நிலம் என்று நம்பி வந்தவர்களுக்கு நிலம் கைகொடுக்கவில்லை. தாயார் மரியா பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துத்தான் குடும்பம் ஓடியது. அந்த அம்மாவும் 1887-ல் புற்றுநோயால் இறந்துபோனார். அப்போது டேவுக்கு வயது 13. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பிறகு குடும்பம் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரி வாசலை மிதிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஆக்லாந்தில் அவர் பார்த்த வேலைகளில் நீண்ட காலம் நிலைத்தது, இறைச்சியைக் குளிரூட்டி ஏற்றுமதி செய்யும் நிறுவனத்தில் ஃபோர்மேன் வேலை. பாரம் தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு அது. ஜிம் எல்லாம் கிடையாது!

சனிக்கிழமை ஆட்டக்காரர்

1883-ல் தொடங்கப்பட்ட ஆக்லாந்து ரக்பி யூனியன் கிளப்புகளுக்குள் போட்டிகளை நடத்திவந்தது. முதலில் பார்னெல் கிளப்புக்கு ஆடிய கேலஹர், 1890களின் நடுவில் பொன்சன்பி கிளப்பில் சேர்ந்தார். 1896-ல் ஆக்லாந்து அணிக்குத் தேர்வானார். 1897-ல் பொன்சன்பி கிளப் ஆக்லாந்து சாம்பியன் ஆனது.

இவ்வளவுக்கும் சம்பளம் கிம்பளம் எதுவும் கிடையாது. ஆட்டத்துக்காகக் காசு வாங்கினால் யூனியன் விலக்கி வைத்துவிடும். அமெச்சூர் விதி அவ்வளவு கடுமை. வேலைக்கு லீவு போட்டால் கூலி போச்சு. எலும்பு முறிந்தால் அதுவும் சொந்தச் செலவுதான். இங்கிலாந்தின் வடபகுதிக் கிளப்புகள், இழந்த கூலியையாவது ஆட்டக்காரர்களுக்குத் தரவேண்டும் என்று கேட்டு, கிடைக்காமல் 1895-ல் பிரிந்து போயின. ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் பிறந்தது அப்படித்தான். இது கேலஹர் கதையில் மறுபடியும் வரும்.

நடுவில் 1901-ல் தென்னாப்பிரிக்கப் போருக்குப் போனார். திரும்பி வந்தபோது வயது முப்பதை நெருங்கியிருந்தது. இனி என்ன ஆட்டம் என்று பலர் ஒதுங்கும் வயதில், 1903-ல் நியூசிலாந்து அணிக்குத் தேர்வானார். அந்த ஆண்டு சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட்தான் நியூசிலாந்தின் முதல் டெஸ்ட். 22-3 என்று ஜெயித்த அந்த அணியில் அவர் இருந்தார்.

கப்பலில் ஒரு வாக்கெடுப்பு

1905-ல் பிரிட்டன் சுற்றுப்பயணத்துக்குப் புறப்பட்ட அணிக்கு கேலஹர் கேப்டன். துணை கேப்டன் பில்லி ஸ்டெட், தெற்கே இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்தவர், மாவோரி வம்சாவளியினர். செருப்புத் தைப்பது அவர் தொழில்.

கப்பல் கிளம்பியதுமே பிரச்சினை வெடித்தது. கேப்டனை யூனியன் நிர்வாகிகள் எப்படி நியமிக்கலாம், ஆடுகிறவர்கள் அல்லவா தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு சாரார் கிளம்பினார்கள். ஆக்லாந்துக்காரருக்கு ஏன் பதவி என்ற ஊர்ப் பாகுபாடும் அதில் கலந்திருந்தது. (நம் ஹாஸ்டல் மெஸ் கமிட்டித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இது புதுசு இல்லை.)

கேலஹர் கத்தவில்லை, மிரட்டவில்லை. தானும் ஸ்டெட்டும் விலகிக்கொள்ளத் தயார் என்று முன்வந்தார். வாக்கெடுப்பு நடந்தது. 29 பேரில் 17 பேர் அவர்களை ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பேர் எதிர்ப்பு! ஏறக்குறைய பாதிப் பேரின் நம்பிக்கை இல்லாமல்தான் அந்தப் பயணம் தொடங்கியது.

சம்பளம் வாங்கும் அணியில் கேப்டன் பேச்சைக் கேட்காதவனை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். காசே வாங்காமல் ஆடுகிறவனை என்ன செய்ய முடியும்? அவனாக மனது வைத்தால்தான் உண்டு. ராணுவத்தில் கற்ற ஒழுங்கோடு கேலஹர் பயிற்சியை நடத்தினார். கப்பல் மேல்தளத்திலேயே பயிற்சி. பிரிட்டிஷ் அணிகளில் முன்வரிசை ஆட்கள் யார் முதலில் வந்தார்களோ அவர்கள் முட்டிக்கொள்வார்கள். இவர்களோ ஒவ்வொருவருக்கும் ஓர் இடம், ஒரு வேலை என்று பிரித்து வைத்திருந்தார்கள். பொறியியல் படித்த நமக்கு இது பிடிக்காமல் போகுமா!

1905 செப்டம்பர் 16, முதல் ஆட்டம். பலம் வாய்ந்த டெவன் மாவட்ட அணியை 55-4 என்று தோற்கடித்தார்கள். தந்தியில் வந்த எண்ணிக்கையைச் சில பத்திரிகை அலுவலகங்கள் நம்பவே இல்லை. அதன்பின் வெற்றிமேல் வெற்றி. பிரிட்டன், பிரான்ஸ், வட அமெரிக்கா எல்லாம் சேர்த்து 35 ஆட்டங்களில் 34 வெற்றி. எடுத்த புள்ளிகள் 976, கொடுத்தவை 59. 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் உலகமெங்கும் பரவியது இந்தப் பயணத்தில்தான்.

அந்த ஒரே தோல்வி டிசம்பர் 16-ல் கார்டிஃப் நகரில், வேல்ஸிடம், 0-3. நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் ட்ரை வைத்துவிட்டார், நடுவர் ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்றுவரை சர்ச்சை. கேலஹரோ அன்றே வேல்ஸ்தான் நன்றாக ஆடியது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

கெட்ட பெயரும் கிடைத்தது. நியூசிலாந்து முறையில் ஏழு பேர் மட்டுமே ஸ்க்ரம் முட்டுவார்கள். எட்டாவது ஆளான கேலஹர் பந்தை உள்ளே போட்டுவிட்டு, எதிரணி ஆள் தங்கள் ஆளிடம் வராதபடி பக்கத்தில் நிற்பார். விதியை மீறுகிறார் என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் அவரைத் தனியாகக் குறிவைத்துத் திட்டின. இன்னொரு வருத்தம், காலில் அடிபட்டதால் பிறந்த மண்ணான அயர்லாந்துக்கு எதிரான டெஸ்டில் அவரால் ஆட முடியவில்லை.

மூன்று ஷில்லிங்

அந்தப் பயணத்தில் ஒரு ஆட்டக்காரருக்குக் கிடைத்தது கைச்செலவுக்கு நாளொன்றுக்கு மூன்று ஷில்லிங். யூனியனுக்கோ பல ஆயிரம் பவுண்டு லாபம்! மனசு கசந்துபோகத்தானே செய்யும்? 1907-ல் ஒரு தொழில்முறை அணி கிளம்பி பிரிட்டன் போனது. கேலஹரோடு ஆடிய சிலரும் அதில் சேர்ந்தார்கள். யூனியன் அவர்களுக்கு வாயிற்கதவைச் சாத்தியது. அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வியர்வை சிந்தியவன் கூலி கேட்பது நியாயம்தான்.

கேலஹர் அமெச்சூர் பக்கமே நின்றார். 1906-ல் எலன் ஃபிரான்சிஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். 1908-ல் மகள் நோரா பிறந்தாள். ஸ்டெட்டோடு சேர்ந்து ரக்பி ஆட்டமுறை பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். மற்றபடி பழைய ஃபோர்மேன் வேலைதான். ஆடுவதை நிறுத்தியபின் 1906 முதல் 1916 வரை ஆக்லாந்து அணியின் தேர்வாளர், 1907 முதல் 1914 வரை நாட்டு அணியின் தேர்வாளர்களில் ஒருவர். கேடயப் போட்டிகளில் ஆக்லாந்து ஆண்டுக்கணக்கில் அசையாமல் நின்ற காலம் அது. உலகப் புகழ் பெற்ற கேப்டன், வாரக்கடைசியில் உள்ளூர் மைதானத்தின் ஓரம் நின்று புதுப் பையன்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது.

கடைசிக் களம்

முதல் உலகப்போர் வந்தது. வயது கடந்துவிட்டதால் அவர் போயாக வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் 1916 மே மாதம், 42 வயதில், பெயர் கொடுத்தார். தம்பி டக்ளஸ் பிரான்ஸில் இறந்ததற்குப் பழிவாங்கத்தான் சேர்ந்தார் என்று ஒரு கதை ரொம்ப நாளாக உண்டு. டக்ளஸ் இறந்தது ஜூன் 3-ல். அண்ணன் அதற்கு முன்பே பெயர் கொடுத்துவிட்டார். ஆக, அந்தக் கதை பொருந்தவில்லை.

1917 அக்டோபர் 4, பெல்ஜியத்தின் பாஷன்டேல் போர்முனை. குண்டுச் சிதறல் முகத்தில் பாய்ந்து, அன்றே உயிர் பிரிந்தது. பாப்பரிங்க அருகே நைன் எல்ம்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1918-ல் இன்னொரு சகோதரர் ஹென்றியும் போரில் மாண்டார். ஒரே வீட்டில் மூன்று பேர்.

1922-ல் ஆக்லாந்து ரக்பி யூனியன் தன் கிளப் சாம்பியன் கேடயத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதை அதிக முறை வென்றிருப்பது அவருடைய பொன்சன்பி கிளப்தான். பின்னர் வந்த மரியாதைகளும் உண்டு. 2000 முதல் நியூசிலாந்து-பிரான்ஸ் அணிகளுக்கு இடையே கேலஹர் கோப்பை. அயர்லாந்தின் லெட்டர்கென்னியில் ஒரு மைதானம். 2011-ல் ஆக்லாந்து ஈடன் பார்க் வாசலில் வெண்கலச் சிலை. 1995-ல் ரக்பி யூனியன் ஆட்டமே தொழில்முறையாகி, ஆல் பிளாக்ஸ் வீரர்களுக்கு இப்போது நல்ல சம்பளம். ஆனால் கிளப் கேடயத்துக்காக நடக்கும் சனிக்கிழமை ஆட்டம் பெரும்பாலும் பழையபடிதான் நடக்கிறது. கோடு போடுவதும், ஜெர்சி துவைப்பதும், பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் முன்னாள் ஆட்டக்காரர்களே.

தம்பி தங்கைகளே, இந்தச் சங்கமும் அந்த வகைதான். நாற்காலி எடுத்துப் போட்டவர், ரசீது எழுதியவர், இந்த மலருக்குப் பிழைதிருத்தம் பார்த்தவர் யாருக்கும் மூன்று ஷில்லிங்கூடக் கிடையாது. படிப்பு முடித்து எந்த ஊருக்குப் போனாலும், வருஷத்தில் ஒரு சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்து மைதானத்தின் ஓரம் நில்லுங்கள். புதுப் பையன்களுக்கு அது போதும்.