தச்சர் ஹாரிஸன் சரிதம்

உளி பிடித்த கை ஏடு பிடித்த கையினும் தாழ்ந்ததென்னும் எண்ணம் நம்மவருட் பலர்க்கு இன்றும் உளது. தந்தையின் தொழிலைச் சொல்ல நாணும் மாணவரை நாம் வகுப்பறையிற் காண்கின்றோம். அன்னார் பொருட்டு ஆங்கில நாட்டுத் தச்சர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

ஜான் ஹாரிஸன் 1693-ஆம் ஆண்டில் யார்க்ஷயரில் தச்சர் ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். கல்லூரி வாயிலை மிதித்தவரல்லர்; மரம் இழைத்தே வளர்ந்தார். இருபதாம் வயதிற் பற்சக்கரங்களையும் மரத்தாலேயே அமைத்துக் கடிகாரம் ஒன்று செய்தார். பின்னர்ச் செய்த கோபுரக் கடிகாரத்தில், தானே எண்ணெய்ப்பசை கசியும் வன்மரத்தைத் தேர்ந்தமைத்தார். அதனால் எண்ணெயிடும் வேலையே இல்லாதொழிந்தது. மரத்தின் குணமறிந்த கைக்கன்றி இவ்வுபாயம் தோன்றுமோ?

நிற்க. அக்காலத்து மாலுமிகள், நடுக்கடலில் தம் கப்பல் கிழக்குமேற்காக எவ்விடத்துளதென்று அறியாது அலமந்தனர். 1707-இல் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் நான்கு பாறையில் மோதி, ஆயிரவர்க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் பாராளுமன்றம், தக்க வழி காண்பார்க்கு 20,000 பவுன் வரை பரிசு விதித்தது. பூமி நான்கு நிமிஷத்தில் ஒரு பாகை சுழல்வதாகலின், புறப்பட்ட துறையின் நேரத்தைப் பிழையாது காட்டுங் கடிகாரம் இருப்பின், அதனைக் கப்பலுள்ள இடத்து உச்சிப்பொழுதோடு ஒப்பிட்டு இடமறியலாம். ஆயின் அலையாட்டமும் வெப்பதட்பமும் கடிகாரங்களைக் கெடுத்தன. வானநூற் புலவர் விண்ணை நோக்கினர். தச்சர் தம் பட்டறையை நோக்கினார்.

1735-இல் முதற் கருவி முடிந்தது. அதன் குறைகளைத் தாமே கண்டு திருத்தலானார். மூன்றாங் கருவிக்கு மட்டும் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சென்றன. 1759-இல் ஐந்தங்குல அகலமுள்ள நான்காங் கருவி உருவாயிற்று. 1761 இறுதியில் அவர் மகனார் அதனை ஜமெய்க்காவுக்குக் கொண்டுசென்றார். 81 நாள்களில் நேர்ந்த பிழை ஐந்து வினாடியளவே.

ஆயினும் பரிசு எளிதிற் கிட்டவில்லை. நடுவராயமர்ந்த கற்றோர், சந்திரனைக் கொண்டு கணிக்கும் முறையையே பெரிதும் விரும்பி, மீண்டும் சோதனை விதித்தனர். கருவியின் நுட்பங்களை வெளியிட்ட பின்னரே 1765-இற் பாதித் தொகை வந்தது. 1772-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஐந்தாங் கருவியைச் சோதித்துத் துணைநின்றார். 1773-இல் பாராளுமன்றம் 8,750 பவுன் அளித்தது. அப்போது அவர்க்கு வயது எண்பது. 1776-இல் மறைந்தார்.

அன்பர்காள்! கல்வி வேண்டா என்பது நம் கருத்தன்று. கைத்தொழிலும் கல்வியே என்பதே இவர் சரிதம் காட்டுவது. நாமும் இளமையில் எந்தையார் தச்சரென உரைக்க நாணினோம். அந்நாணமே இன்று நமக்கு நாணந் தருகின்றது. நும் மக்களைப் பள்ளிக்கு அனுப்புமின்; விடுமுறையிற் பட்டறையிலும் அமர்த்துமின்.