கட்சியின்றி வென்று நாயகர் நாற்காலியில் அமர்ந்த ஏ.பி. ராஜா

1965 டிசம்பர் 8. தனி நாடாகி நான்கு மாதங்களே ஆகியிருந்த சிங்கப்பூரின் நாடாளுமன்றம் அன்றுதான் முதன்முறையாகக் கூடியது. எம்பிரஸ் பிளேசில், இன்று கலை இல்லமாக விளங்கும் பழைய கட்டடத்தில் நடந்த அந்தக் கூட்டத்தில் நாயகர் நாற்காலியில் இருந்தவர் ஒரு தமிழர். அவர் ஆறுமுகம் பொன்னு ராஜா. ஏ.பி. ராஜா என்றால்தான் பலருக்கும் தெரியும்.

ராஜா 1911ஆம் ஆண்டு நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சனில் பிறந்தார். சிங்கப்பூர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்த பின்னர், இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் பயின்று வழக்கறிஞரானார். அவர் பங்குதாரராக இருந்த ‘டான், ராஜா அண்ட் சியா’ சட்ட நிறுவனம் இன்றும் அவரது பெயரைத் தாங்கி நிற்கிறது.

போருக்குப் பிந்திய சிங்கப்பூரில் தேர்தல் அரசியல் அப்போதுதான் துளிர்விட்டுக்கொண்டிருந்தது. 1949ல் நகராட்சி மன்றத்துக்குள் நுழைந்த ராஜா, 1957 வரை அங்கே பணியாற்றினார். குடிநீர், மின்சாரம், சாலை, சாக்கடை என மக்களின் அன்றாடத் தேவைகளைக் கவனித்த மன்றம் அது.

அவரது அரசியல் வாழ்வில் பெரிய சோதனை 1959 மே 30ஆம் தேதி வந்தது. தன்னாட்சி பெறவிருந்த சிங்கப்பூரில் வாக்களிப்பு முதன்முறையாகக் கட்டாயமாக்கப்பட்ட பொதுத்தேர்தல் அது. மக்கள் செயல் கட்சி 51 இடங்களில் 43ஐக் கைப்பற்றியது. சிங்கப்பூர் மக்கள் கூட்டணிக்கு நான்கு இடங்களும் அம்னோவுக்கு மூன்று இடங்களும் கிடைத்தன. எஞ்சிய ஒரே இடம் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஃபேரர் பார்க் தொகுதி. அங்கே எந்தக் கட்சியின் துணையும் இல்லாமல் வென்றவர் ராஜா. அந்தப் பொதுத்தேர்தலில் தேர்வான ஒரே சுயேச்சை உறுப்பினர் அவர்தான்.

அந்த ஓர் இடத்தின் மதிப்பு சில ஆண்டுகளில் தெரிந்தது. 1961ல் ஆளுங்கட்சி பிளவுபட, 13 உறுப்பினர்கள் வெளியேறினர். 1962 ஜூலையில் மேலும் ஒருவர் விலகியதும் அரசு தன் பெரும்பான்மையையே இழந்தது. மலேசிய இணைப்பு பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்த நேரத்தில், அவையில் ஒவ்வொரு வாக்கும் எண்ணிப் பார்க்கப்பட்டது. கட்சிக் கட்டளைக்குக் கட்டுப்படாத சுயேச்சையின் குரலுக்கும் அப்போது தனி எடை இருந்தது.

1964ல் நாயகர் இ.டபிள்யூ. பார்க்கர் சட்ட அமைச்சரானார். காலியான பொறுப்பு ராஜாவைத் தேடி வந்தது. அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த ஜார்ஜ் ஓஹ்லர்சும் பார்க்கரும் யுரேசியர்கள். அவ்வகையில் அதில் அமர்ந்த முதல் இந்தியர் ராஜாதான். மலேசியாவின் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு நாயகராகப் பொறுப்பேற்றவர், 1965 ஆகஸ்ட் 9க்குப் பிறகு ஒரு தேசத்தின் நாடாளுமன்றத்துக்கு நாயகரானார்.

டிசம்பரில் அவை கூடியபோது எதிர்த்தரப்பு இருக்கைகள் வெறிச்சோடியிருந்தன. 1963 தேர்தலில் 13 இடங்களை வென்றிருந்த பாரிசான் சோசியலிஸ் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்திருந்தது. ஒருகாலத்தில் அவையில் தனிக்குரலாக ஒலித்த ராஜா, இப்போது மாற்றுக்குரலே இல்லாத அவையை நடத்த வேண்டியிருந்தது.

அந்த முதல் கூட்டத்தொடரில்தான், டிசம்பர் 22ஆம் தேதி, சிங்கப்பூரைக் குடியரசாக்கும் சட்டத் திருத்தம் நிறைவேறியது. யூசோஃப் இஷாக் முதல் அதிபரானார். மலாய், மாண்டரின், ஆங்கிலம் ஆகியவற்றுடன் தமிழும் அதிகாரத்துவ மொழி என்பதை உறுதிசெய்த சட்டமும் அதே நாளில் நிறைவேறியது. தமிழுக்கு அந்த இடம் உறுதியான காலத்தில், அவையின் நாயகராக ஒரு தமிழர் இருந்தது வரலாற்றின் அழகான பொருத்தம்.

1966ல் ராஜா பிரிட்டனுக்கான சிங்கப்பூரின் முதல் தூதராக லண்டன் சென்றார். அவருக்குப் பின் நாயகரான பஞ்ச் குமாரசாமியும் தமிழரே. லண்டன் பணியும் எளிதாக அமையவில்லை. 1968 ஜனவரியில், சிங்கப்பூரிலிருந்து தன் படைகளை விரைந்து மீட்டுக்கொள்ளப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. நாட்டின் பொருளியலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பியிருந்தது. படைகள் வெளியேறுவதைச் சற்றேனும் தள்ளிப்போட சிங்கப்பூர் அரசு போராடிய அந்த ஆண்டுகளில், லண்டனில் நாட்டின் முகமாக இருந்தவர் ராஜா. பின்னர், 1971 முதல் 1973 வரை ஆஸ்திரேலியாவில் தூதராகப் பணியாற்றினார்.

பலரும் ஓய்வை நாடும் 65 வயதில் அவருக்கு இன்னொரு பொறுப்பு காத்திருந்தது. 1976ல் நீதிபதியாகப் பதவியேற்ற அவர், 1990 வரை அப்பொறுப்பில் நீடித்தார். 1999 செப்டம்பரில், தமது 88ஆம் வயதில் காலமானார்.

நகராட்சி மன்றம், சட்டமன்றம், நாடாளுமன்றம், தூதரகம், நீதிமன்றம் என ஒரு நாட்டின் தூண்கள் அனைத்திலும் தோள் கொடுத்த வாழ்க்கை ஏ.பி. ராஜாவுடையது. ஃபேரர் பார்க் வட்டாரத்தைக் கடந்துசெல்லும் நம்மில் எத்தனை பேர் அவரை நினைக்கிறோம்?