காஷ்மீரம் விட்டு வந்த கவி பில்ஹணர்

பில்ஹணன் என்றதும், இளவரசிக்குப் பாடம் சொல்லப்போய்க் காதலில் விழுந்த கவிஞன்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவான். பாவேந்தரின் ‘புரட்சிக்கவி’க்கு மூலம் அந்தக் கதைதான். 1948-ல் சினிமாவாகவும் வந்தது. ஆனால் அது கர்ணபரம்பரைக் கதைங்க. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுக் கிளம்பிய என்னைப் போன்றவர்களுக்கு, நிஜமான பில்ஹணரின் வாழ்க்கை இன்னும் நெருக்கமானது.

ஸ்ரீநகருக்குப் பக்கத்தில் கோனமுகம் என்ற கிராமம் அவர் பிறந்த ஊர். அப்பா ஜ்யேஷ்டகலசர் இலக்கணப் பண்டிதர். வேதம், இலக்கணம், அலங்கார சாஸ்திரம் எல்லாம் கற்று முடித்த மகன், 11-ஆம் நூற்றாண்டில், கலச மன்னன் காலத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டார். மதுரா, கன்னோஜ், பிரயாகை, காசி, குஜராத் என்று சுற்றி, ராமேஸ்வரமும் பார்த்துவிட்டு, கடைசியில் கல்யாணபுரம் வந்து சேர்ந்தார். இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண்தான் அது.

அங்கே சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன் (1076–1126) அவருக்கு ‘வித்யாபதி’ பட்டம் தந்தான். யானைச் சவாரி, குடை என்று ராஜ மரியாதை வேறு! பதிலுக்குக் கவி சமஸ்கிருதத்தில் எழுதியதுதான் ‘விக்கிரமாங்கதேவசரிதம்’. மொத்தம் 18 சர்க்கங்கள். அண்ணன் சோமேசுவரனைத் தள்ளிவிட்டு அரியணை ஏறியவன் விக்கிரமன். அதைச் சிவபெருமானின் கட்டளை என்றே கவி எழுதிவிட்டார். படியளப்பவரைப் பற்றி வேறெப்படி எழுதுவது, சொல்லுங்கள்? வீரராஜேந்திர சோழன் தன் மகளை விக்கிரமனுக்குக் கொடுத்த செய்தியும் இதில் உண்டு. அதனால் சோழர் சரித்திரம் எழுதுபவர்களுக்கும் இந்த நூல் வேண்டியிருக்கிறது.

என்னை உலுக்கியது கடைசி சர்க்கம். ராஜா கதை முடிந்ததும், கவி தன் ஊர்க் கதையை ஆரம்பித்துவிடுகிறார். குங்குமப்பூ, திராட்சை, அப்பா, அம்மா நாகாதேவி, கூடப்பிறந்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். ராஜா செலவில் எழுதிய நூலில் சொந்த கிராமத்துக்கும் ஓர் இடம்!

1089-ல் ஹர்ஷன் காஷ்மீரத்து மன்னனானான். கவிகளை ஆதரிப்பவன். அவனைப் பற்றிக் கேள்விப்பட்டதும், கல்யாணபுரத்துப் பவிசெல்லாம் வெறும் மாயையாகத் தோன்றியதாம் பில்ஹணருக்கு. ‘ராஜதரங்கிணி’யில் கல்ஹணர் இதைச் சொல்கிறார்.

1874-ல் ஜெய்சல்மரின் சமண நூலகத்தில் இந்தச் சுவடியைக் கண்டெடுத்த ஜெர்மன் அறிஞர் பூலர், 1875-ல் அச்சேற்றினார். சாளுக்கியர் ஆட்சி போய்விட்டது. கோனமுகத்து விலாசம் மட்டும் அழியாமல் நம் கைக்கு வந்துவிட்டது.

இப்போது படிக்கும் தம்பி, தங்கைகளே! எந்த ஊரில் யாரிடம் வேலை பார்த்தாலும், ஊருக்கும் நம் கல்லூரிக்கும் கடைசி அத்தியாயத்திலாவது இடம் வையுங்கள்.