ஆவூர்க் கோயிலும் வீரமாமுனிவரும்

திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில், ஆவூர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்ப் பெரியநாயகி மாதா கோயிலைக் காணத் தமிழ் மாணவராகிய யாம் சென்ற விடுமுறையிற் போந்தோம். கோயிலைக் காணும் வேட்கையினும், ஆங்குத் திருப்பணி புரிந்த பெரியார் ஒருவரை நினையும் வேட்கையே எம்மை ஈர்த்தது. அவரே வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8ஆம் நாள் அவர் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710இல் கோவாவில் வந்திறங்கிப் பின்னர் மதுரை மிஷனை அடைந்தார். அப்பொழுது அவர்க்கு வயது ஏறத்தாழ முப்பது. பிறர் கற்றதை விட்டு ஓயும் பருவத்தே அவர் நம் நெடுங்கணக்கைக் கற்கப் புகுந்தார்.

கற்றவர் கற்ற அளவில் நின்றாரல்லர். சூசையப்பர் வரலாற்றை 36 படலமும் 3615 பாடலுமாகத் தேம்பாவணி எனப் பாடினார். பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகைப்பட்ட சதுரகராதியை 1732இல் முடித்தார். ஐந்திலக்கணமும் அமையத் தொன்னூல் விளக்கம் செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் ஆக்கினார். பேச்சுத் தமிழுக்கு அவர் இலத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. அச்சிட்டோர் லுத்தரன் மிஷனரிமார். அவரோ அவர்தம் கொள்கையை மறுத்து நூலெழுதியவர். சமயத்தாற் பிரிந்தோரையும் தமிழ் ஒரு மேசையில் அமர்த்தியது வியப்பன்றோ!

1747ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள் சேரநாட்டு அம்பலக்காட்டில் முனிவர் உயிர் நீத்தார். ஆவூரின் இன்றைய கோயிலும் அவ்வாண்டே எழுந்ததென மாவட்ட வரலாறு கூறும். அங்ஙனமாயின், யாம் நின்ற சுவர்களை அவர் கண்டிலர். இதனை எண்ணியபொழுது எம் உள்ளம் சிறிது வாடியது.

நிற்க. தமிழ் படித்துப் பெறுவது யாதென எம் வீட்டார் வினவுவதுண்டு. விடை கூறவியலாது யாம் தலைகுனிந்ததும் உண்டு. அன்றிரவு எம் குறிப்பேட்டில் கோயில் என்னுஞ் சொல்லை எழுதினோம். பழைய ஏடுகளிற் குறிலுக்கும் நெடிலுக்கும் கொம்பு ஒன்றே. புள்ளியே வேற்றுமை காட்டும். அப்புள்ளியும் ஓலையில் இடப்படாது விடப்படும். நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு அமைத்து அம்மயக்கத்தை நீக்கியவர் முனிவரே.

சுவரிற் காணாத அவர் கையை எம் எழுத்திற் கண்டோம். அயல்நாட்டார் ஒருவர் திருத்தித் தந்த எழுத்தை, பிறப்பால் தமிழராகிய யாம் பிழையறக் கற்பதற்கு நாணுதல் தகுமோ? வீட்டார் மீண்டும் வினவுவர். இனி யாம் தலை குனியோம்.