சமையலறையில் ஒரு சோதனைச்சாலை

ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் ஒற்றைச் செல் உயிர்தான். ஆயினும் அதற்குள் உருவாகும் புரதங்களில் பல, அறை அறையாகக் கடந்தே உரிய இடம் சேருகின்றன. அப்பயணத்தின் நடுவழி நிலையம் கோல்கை உறுப்பு. அப்பெயருக்கு உரிய காமில்லோ கோல்ஜியைப் பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அது போதவில்லை.

இத்தாலியின் வடக்கே கோர்த்தெனோ என்னும் மலையூரில் 1843 ஜூலை 7-இல் பிறந்தார். தந்தை மருத்துவர். மகனும் பாவியாவில் மருத்துவம் பயின்று 1865-இல் பட்டம் பெற்றார். பொருள் நெருக்கடியால் 1872-இல் அப்பியாத்தெகிராசோ என்ற சிற்றூரின் தீராநோயாளர் மருத்துவமனையில் வேலைக்கு அமர்ந்தார். அங்கே ஆய்வுக்கூடம் ஏது? சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். மூளைத் திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் பதப்படுத்தி வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்தார். மஞ்சள் பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நரம்புச் செல்கள் கிளைகளோடு கறுத்து எழுந்தன. எல்லாச் செல்களும் கறுத்திருந்தால் வெறும் மைக்கறையே மிஞ்சியிருக்கும்! இது 1873-இல் வெளிவந்தது.

பின்னர்ப் பாவியாவில் பேராசிரியரானார். மலேரியாக் காய்ச்சலையும் ஆராய்ந்தார். 1898-இல் ஆந்தையின் சிறுமூளைச் செல்லுக்குள் வலை போன்றதோர் அமைப்பைக் கண்டார். அது சாயம் செய்த மாயமே எனப் பலர் ஐயுற்றனர். 1906-இல் காஹாலுடன் நோபல் பரிசு பெற்றபோது, நரம்பு மண்டலம் முழுதும் தொடர்ந்த ஒரே வலை என்று மேடையிலேயே வாதிட்டார். அதில் அவர் கூற்று பொய்த்தது. செல்லுக்குள் கண்ட வலையோ மெய். இரண்டையும் ஒரே பிடிவாதத்துடன் நம்பியவர் அவர் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

1926 ஜனவரி 21-இல் அவர் மறைந்தபோதும் ஐயம் தீரவில்லை. 1950-களில் மின்னணு நுண்ணோக்கிதான் வழக்கைத் தீர்த்தது. ஆயினும் அவ்வுறுப்பின் வேலையை விளக்க ஈஸ்ட் பெரிதும் உதவிற்று. 1979 முதல் அமெரிக்காவில் ஷெக்மனும் அவர் மாணவர் நோவிக்கும், வெப்பம் கூடினால் புரதத்தை வெளியேற்ற முடியாது திணறும் ஈஸ்ட்களைத் தேடிப் பிடித்து, 23 மரபணுக்களை இனங்கண்டனர். ஷெக்மனுக்கு 2013-இல் நோபல் கிடைத்தது.

ஈஸ்ட்டில் கோல்கைப் பைகள் அடுக்காக இராமல் சிதறிக் கிடக்கும். 2006-இல் இரு குழுக்கள் முன்நிலைப் பைக்கு ஒரு நிறமும் பின்நிலைப் பைக்கு வேறு நிறமும் ஏற்றி உயிரோடு பார்த்தபோது, ஒரே பையே நிறம் மாறியது. எங்கள் அடி அண்ணாமலைப் பேச்சில் சொன்னால், பயணி பஸ் மாறவில்லை. பஸ்ஸின் பெயர்ப்பலகைதான் மாறியது.

அவர் பிறந்த மலையூர் இன்று கோர்த்தெனோ கோல்ஜி என்றே வழங்குகிறது.