இரு ஆடுகளங்களில் ஒரு வீரர்

தைத் திங்களில் ஒரு நாள் நாம் மாணவர் சிலருடன் செஞ்சிக் கோட்டையைக் காணச் சென்றிருந்தோம். ராஜகிரியின் செங்குத்தான படிகளில் ஏறியிறங்கிக் கலியாண மகாலின் நிழலில் இளைப்பாறிய பொழுது, 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறு சேனையுடன் எதிர்த்து இளமையிலேயே மாண்ட தேசிங்கு ராஜனைக் குறித்துப் பேச்செழுந்தது. கோட்டை மதிலுக்கு அப்பால் ஊர்ச் சிறுவர்கள் மட்டையும் பந்துமாக ஆடிக்கொண்டிருந்தனர். அவர்களை நோக்கிய மாணவர் ஒருவர், போர்க்களத்தில் பெயர் பெற்றோரைப் பாடி வைத்த நம் நாடு, ஆடுகளத்தில் பெயர் பெற்றோரை நினைவில் வைத்திருக்கின்றதா என்று வினவினார். அதற்கு விடையாக, கிரிக்கெட், ஹாக்கி என்னும் இரண்டு ஆட்டங்களிலும் இந்தியாவின் சார்பில் நின்றாடிய எம். ஜே. கோபாலனின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

கோபாலன் 1909ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் நாள் செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்த மொறப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியேறினர். சேப்பாக்கத்து மைதானமோ அருகில் உளது, சந்துகளிலெல்லாம் பந்தாட்டம். அச்சூழலில் வளர்ந்த இளைஞரின் வேகப்பந்து வீச்சு, சென்னையில் அந்நாளில் கிரிக்கெட்டுக்குத் தூண் போன்றிருந்த சி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயரின் கண்ணில் பட்டது. அவருடைய உதவியால் கோபாலனுக்குப் பர்மா ஷெல் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. பிழைப்புக்கு வழியின்றித் திறமை வாடிப்போன இளைஞர் பலர் நம்மிடையே உண்டு. தக்க காலத்தில் ஒருவர் நீட்டிய கை கோபாலனை அந்நிலையினின்றும் காத்தது.

1934ஆம் ஆண்டு ஜனவரியில், ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணிக்கு எதிராகக் கல்கத்தாவில் நடந்த டெஸ்டு ஆட்டத்தில் கோபாலன் இடம் பெற்றார். அவர் ஆடிய டெஸ்டு அது ஒன்றே. அவ்வாண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பைப் பந்தயம் சேப்பாக்கத்தில் தொடங்கிற்று. சென்னைக்கும் மைசூருக்கும் நிகழ்ந்த அம்முதலாட்டத்தின் முதற்பந்தை வீசியவர் கோபாலனே. ஏ. ஜி. ராம்சிங் 11 விக்கெட்டுகளை வீழ்த்த, ஆட்டம் ஒரே நாளில் முடிந்து சென்னை வெற்றி பெற்றது.

ஹாக்கியிலும் அவர் கீர்த்தி குன்றவில்லை. 1935ஆம் ஆண்டில் தியான் சந்தின் தலைமையில் நியூஜீலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கடல் கடந்து சென்ற இந்திய அணியில் அவரும் ஒருவர். அவ்வணி 48 ஆட்டங்களில் 584 கோல்கள் அடித்தது. அவற்றுள் 201 தியான் சந்து ஒருவரே அடித்தவை. அத்தகைய அணியில் இடம் பெறுவதே அரிது.

இனித்தான் அவர் வாழ்வின் இக்கட்டு வருகின்றது. 1936ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கி அணியும், இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியும் ஒரே காலத்தில் புறப்படலாயின. இரண்டும் அவருக்குக் கைக்கெட்டும் நிலையில் இருந்தன. இரண்டையும் ஒருங்கே கொள்ளுதல் இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். இங்கிலாந்திலோ அவருக்கு ஒரு டெஸ்டும் கிட்டவில்லை. விஜயநகரம் மகாராஜகுமாரரின் தலைமையில் பிணக்குகள் மலிந்த அப்பயணத்தில் இந்தியா மூன்று டெஸ்டுகளுள் ஒன்றிலேனும் வெல்லவில்லை. ஆகஸ்டு 15ஆம் நாள் லண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்டு தொடங்கிற்று. அதே நாளில் பெர்லினில் இந்திய ஹாக்கி அணி ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்று பொற்பதக்கம் பெற்றது. ஓவலில் ஆடும் பதினொருவரில் கோபாலன் இல்லை. பெர்லினில் பரிசு பெற்றோரிலும் அவர் இல்லை. ஒரு மனிதரின் தேர்வு ஒரே நாளில் இவ்வளவு தெளிவாக நிறுத்தளக்கப்படுதல் அருமையினும் அருமை.

இழந்ததை மீட்கக் காலம் இடங்கொடுத்திருக்கலாம். ஆனால் 1939இல் உலகப் போர் மூண்டது. 1940, 1944 ஆகிய ஆண்டுகளுக்குரிய ஒலிம்பிக்குகள் நடைபெறவில்லை. 1936 ஆகஸ்டுக்குப் பின் 1946 ஜூன் வரையில் இந்தியா டெஸ்டு ஆட்டமே ஆடவில்லை. இருபத்தேழு வயதினராய் இங்கிலாந்து சென்றவர், டெஸ்டுகள் மீண்டும் தொடங்கிய பொழுது முப்பத்தேழு வயதினர். வேகப்பந்து வீசுவோர்க்கு அது மாலைப் பொழுது. அப்போர் இதனினும் கொடிய இழப்புகளையும் தந்தது. ஆஸ்திரேலியாவில் 1940ஆம் ஆண்டுக் கால்பந்துப் பட்டம் வென்ற மெல்போர்ன் அணியினரான ரான் பராசி, மறு ஆண்டே தோப்ரூக்கில் போர்வீரராய் உயிர் துறந்தார். அதனை நோக்கக் கோபாலன் இழந்தது சிறிதென்போரும் உளர். உயிரிழப்புக்கு ஒப்பில்லை என்பது மெய்யே. ஆயினும் ஒருவரது தொழிலின் உச்சிப் பருவம் வீணாவதும் இழப்பே அன்றோ?

கோபாலன் சோர்ந்து ஒதுங்கினாரல்லர். சென்னை அணிக்காக ஆண்டுகள் பலவும் உழைத்தார். அவர் முதல்தர ஆட்டத்தில் ஈடுபட்டு இருபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததைப் போற்றும் வகையில், சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே 1952-53 முதல் கோபாலன் கோப்பை என்னும் பெயரால் பந்தயம் நடைபெறலாயிற்று. அது இரு கரையினரையும் ஆடுகளத்தில் நட்பினராக்கியது. அவர் 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில், தொண்ணூற்று நான்காம் வயதில் காலமானார்.

பதக்கமின்றி வீடு திரும்பியவரை ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்போர் இருக்கலாம். தேசிங்கு ராஜனும் போரில் வென்றவன் அல்லன். ஆயினும் செஞ்சி என்றவுடன் முதலில் நம் நாவில் வருவது அவன் பெயரே. முடிவு தம் கையில் இல்லை என்று அறிந்தும் விரும்பிய களத்தில் முழுவலியோடு நின்றவரை மக்கள் மறவார். அன்று மாலை நாம் மலையடிவாரத்தை விட்டுப் புறப்பட்ட பொழுதும் அச்சிறுவர்களின் ஆட்டம் ஓயவில்லை. பொழுது சாய்ந்து பந்து கண்ணுக்குப் புலனாகாத நிலையிலும், இன்னும் ஒரு பந்து என்று அவர்கள் வேண்டிக்கொண்டிருந்தனர்.