ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வுத்தியோகத்தை நாடியே ஊரையும் உற்றாரையும் விட்டு இக்காலனியில் குடியேறினோம். படித்த வாலிபர் யாவரும் குமாஸ்தா வேலைக்கே காத்திருப்பதைக் கண்டு மனம் நொந்து, மாற்று வழியைத் தாமே செய்து காட்டிய பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

பிரபுல்ல சந்திரர், இன்று வங்காளதேசத்திலுள்ள ராருலி கிராமத்தில் 1861 ஆகஸ்ட் 2 இல் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் சீதபேதி கண்டு படிப்பு தடைப்பட, அக்காலத்தைத் தந்தையாரின் நூலகத்தில் கழித்தார். கில்கிறைஸ்ட் உதவிச் சம்பளம் பெற்று 1882 இல் எடின்பரோ சென்றார். 1887 இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1889 இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியரானார்.

1892 இல் சுமார் 700 ரூபாய் முதலுடன், அப்பர் சர்க்குலர் ரோடு 91 ஆம் எண் வீட்டில் பெங்கால் கெமிகல் தொழிலகத்தைத் தொடங்கினார். கசாப்புக் கடைகளிலிருந்து மாட்டெலும்புகளை வாங்கி மாடியில் உலர்த்தினார். துர்நாற்றம் பொறாமல் அண்டை வீட்டார் முறையிட, ஊர்ப்புறத்திற்குக் கொண்டு சென்று எரித்தார். எரிவது மனித எலும்போ எனப் போலீசாரும் ஐயுற்றனர்! அச்சாம்பலைக் கந்தக அமிலத்துடன் சேர்த்து, மருந்துக்குரிய பாஸ்பேட்டு உப்புகளாக்கினார். பகலில் கல்லூரி, மாலையில் தொழிலகம். உடனுழைத்த சதீச சந்திர சின்ஹா பிரஸ்ஸிக் அமில விஷத்தால் மாண்டார். டாக்டர் அமூல்ய சரண் போஸ் 1898 இல் பிளேக் நோய்க்கு இரையானார். இரு துணையும் இழந்த பின்னும் அவர் தளரவில்லை. 1901 இல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று. 1980 இல் அரசுடைமையாக்கப்பட்டது.

ஆராய்ச்சியிலும் அவர் புகழ் பெரிது. 1896 இல் மெர்குரஸ் நைட்ரைட்டைக் கண்டறிந்து வெளியிட்டார். 1902 இல் இந்து இரசாயன வரலாற்றின் முதற்பாகத்தை அச்சேற்றினார். 1916 இல் சயன்ஸ் காலேஜில் இரசாயனப் பேராசிரியரானார். நம் சர் சி. வி. ராமன் 1917 இல் பௌதிகப் பேராசிரியராகச் சேர்ந்ததும் அங்கேதான். 1921 முதல் தம் சம்பளத்தைப் பல்கலைக்கழகத்திற்கே அளித்து, மணம் புரியாது, கல்லூரி அறையொன்றிலேயே வாழ்ந்தார். 1922 வடவங்க வெள்ளத்தில் நிவாரணப் பணியை முன்னின்று நடத்தினார். 1944 ஜூன் 16 இல் மறைந்தார்.

குமாஸ்தா வேலை இழிவன்று. அதுவே நம் அடுப்பை எரியச் செய்தது. ஆயினும் நம் மக்களுள் ஒருவன் சிறு தொழில் தொடங்க விழைந்தால், நிரந்தர வேலையைக் காட்டி அவனைத் தடுக்காதிருப்போமாக. அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.